தொலைந்த ரிமோட் கேட்டைத் திறக்குமா?

மாணவர்களே, கேமரன் மலையில் பனிமூட்டம் பாதையை மறைத்தாலும், காரிலிருந்தே ரிமோட்டை அழுத்தினால் வீட்டு ஆட்டோ கேட் திறக்கிறது. ரிமோட் அனுப்பும் வானொலி அலையைப் பனித்துளிகள் தடுப்பதில்லை.

அலை சுமந்து வரும் குறியீடே சாவி. பழைய வகை ரிமோட்டில் இரு நிலைகள் கொண்ட 8 சுவிட்சுகள் இருந்தால், 256 குறியீடுகளே கிடைக்கும். மாறாத குறியீடுள்ள கதவுகளைச் சில வினாடிகளில் திறக்க முடியும் என்று 2015இல் அமெரிக்கர் சாமி கம்கார் காட்டினார். புதிய வகையில் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் குறியீடு மாறும்.

புதிய ரிமோட்டைப் பதிய, கேட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலுள்ள பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு ரிமோட்டை அழுத்துவார்கள். பெட்டி அதை நினைவில் கொள்ளும். ஆனால், தொலைந்த ரிமோட்டையும் அது மறக்காது! பெட்டியில் மின்சாரம் உண்டு. எனவே பெரியவரிடம் சொல்லி, பழைய பதிவுகள் அனைத்தையும் அழித்து, கையிலுள்ள ரிமோட்டுகளை மட்டும் மீண்டும் பதியச் செய்யுங்கள்.