சிரித்த முகமாக இரு என்றால் போதுமா?

‘வயித்துப்பிள்ளைக்காரி மனசு நோகக் கூடாது’ என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு. ஆனால் அதை அவளிடமே சொல்கிறோம்: கவலைப்படாதே, அழாதே, சிரித்த முகமாக இரு. நோகடிக்கிறவர்களை யாரும் கேட்பதில்லை.

அன்றாட எரிச்சலோ பிரசவ பயமோ பிள்ளையைக் கெடுத்துவிடாது. அந்தக் கவலையையும் அவள் தலையில் ஏற்ற வேண்டாம். வாரக்கணக்கில் விடாமல் அழுத்தும் மனச்சுமைதான் ஆபத்து. அப்போது கார்டிசோல் என்ற ஹார்மோன் கூடுகிறது. அதில் பெரும்பகுதியை நச்சுக்கொடி தடுத்துவிடும். அழுத்தம் நீண்டால் அந்தக் காவல் தளரக்கூடும். 37 வாரத்துக்கு முன்பே பிறப்பது, 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறப்பது இரண்டுக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. ஹார்மோன் வரை போகவே வேண்டாம்: தூக்கம் போகிறது, சாப்பாடு இறங்குவதில்லை, இரும்புச்சத்து மாத்திரை மறக்கிறது, செக்கப் தள்ளிப்போகிறது.

வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நிறைமாதப் பெண்களைப் பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. சுமார் 11 சதவீதம் பேருக்குப் புதிதாக மனச்சோர்வு நோய் வந்திருந்தது. யாருக்கு? வருமானம் குறைந்தவர்கள், ஆண் பிள்ளை வேண்டுமென்றிருந்து பெண்ணைப் பெற்றவர்கள், மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல் உள்ளவர்கள், கர்ப்பத்தின்போது பெருந்துயரைச் சந்தித்தவர்கள், வீட்டு வேலைக்கு ஒத்தாசை இல்லாதவர்கள். இதில் பாதிக்கு மேல் வீட்டார் கையில் இருப்பவை.

ஆண் பிள்ளை விஷயத்தைச் சட்டமும் விட்டுவைக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பிள்ளை இல்லை என்றோ ஆண் பிள்ளை இல்லை என்றோ ஏசி இழிவுபடுத்துவதை வெளிப்படையாகவே வன்முறை என்கிறது. (ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது தகப்பனின் விந்தணு, திட்டு மட்டும் தாய்க்கு.) மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் தரலாம், மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது என்று உத்தரவு வாங்க முடியும். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரை அமர்த்தித் தரும். அவசரத்துக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு 1961இன் மகப்பேறு நலச் சட்டம் தந்த சம்பள விடுப்பை, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக 2017 திருத்தம் உயர்த்தியது. அந்த விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கக் கூடாது. சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களுக்கு இது எட்டுவதேயில்லை. தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துப் பெண்கள் பதிவு செய்துகொள்ளலாம்.

மனச்சோர்வுக்கு வைத்தியம் உண்டு, அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்பதுமில்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டி பகுதிக் கிராமங்களில், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி தந்து மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகளிடம் பேசவைத்தார்கள். 2008இல் வந்த முடிவு: குழந்தை பிறந்து ஆறு மாதத்தில், அந்த ஆலோசனை பெற்றவர்களில் 23 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 53 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு நீடித்தது. முதல் பிரிவின் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் குறைவு, தடுப்பூசியும் ஒழுங்காகப் போடப்பட்டிருந்தது.

இங்கே ரத்த அழுத்தமும் எடையும் பார்க்க வரும் கிராம சுகாதார செவிலியரிடம் மனதையும் சொல்லலாம். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை இருந்தால் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். ‘செத்துடலாம் போல இருக்கு’ என்று அவள் சொன்னால் தனியே விடாமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள். ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கர்ப்பம் என்று தெரிந்ததும் தாங்களாக நிறுத்த வேண்டாம். கர்ப்பத்துக்கு ஏற்றபடி மருந்தை மாற்றுவதோ அளவைக் குறைப்பதோ டாக்டரின் வேலை.