கையெழுத்துக்கு ஒரு கையெழுத்து

பவானி நகராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ் ஈரோட்டில் செல்லும், சென்னையில் செல்லும், டெல்லியிலும் செல்லும். அதே தாளை மஸ்கட்டிலோ சிங்கப்பூரிலோ ஓர் அலுவலரின் மேசையில் வைத்தால் அவர் தயங்குவார். குழந்தை பிறந்த தேதியில் அவருக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. பவானி என்றொரு ஊர் இருக்கிறதா, அங்கே பிறப்பைப் பதிய யாருக்கு அதிகாரம், தாளின் அடியில் இருப்பது அவருடைய கையெழுத்துத்தானா என்று தெரிந்துகொள்ள அவரிடம் வழியில்லை. இந்தத் தயக்கத்தைத் தீர்ப்பதற்காக அரசுகள் உண்டாக்கி வைத்திருக்கும் ஏற்பாட்டைத்தான் ஊர்ப் பேச்சில் அட்டெஸ்டேஷன், ஸ்டாம்பிங், அப்போஸ்டில் என்று பல பெயர்களில் சொல்கிறோம். வெளிநாட்டு வேலைக்கும் படிப்புக்கும் ஆட்களை அனுப்பும் கொங்கு வட்டாரத்தில் இந்தச் சொற்களைக் கேட்காத குடும்பம் குறைவு. ஆனால் டெல்லியின் வெளியுறவு அமைச்சகம் தரும் வில்லை ஒட்டப்பட்டுவிட்டால் சான்றிதழே உண்மை என்று அரசு உறுதி சொல்லிவிட்டதாகப் பலரும் நம்புகிறார்கள். அந்த வில்லை அப்படி எதையும் சொல்வதில்லை. அது சொல்வது மிகச் சிறிய ஒரு செய்தி. அந்தச் செய்தி எவ்வளவு சிறியது என்று புரிந்தால், பணத்தையும் கவலையையும் எந்த இடத்தில் செலவிட வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

முதலில் பழைய முறையைப் பார்ப்போம். பவானியில் கையெழுத்திட்டவரை ஈரோட்டுக்காரர் அறிவார். சென்னைத் தலைமைச் செயலகத்தில் அவருடைய மாதிரிக் கையெழுத்து இருக்கலாம், அல்லது அவருக்கு மேலே இருப்பவருடையது இருக்கலாம். செயலகத்தின் உரிய துறை அதைச் சரிபார்த்துத் தன் கையெழுத்தைப் போடும். டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்துக்குப் பவானியைத் தெரிய வேண்டியதில்லை, சென்னைச் செயலக அதிகாரியின் கையெழுத்தைத் தெரிந்தால் போதும். அமைச்சகத்தின் கையெழுத்தை இந்தியாவில் உள்ள அந்நியத் தூதரகம் அறியும்; தூதரகத்தின் கையெழுத்தை அந்த நாட்டு வெளியுறவுத் துறை அறியும். ஆக, ஒருவர் தமக்கு நேர் முன்னால் இருப்பவருக்கு மட்டும் சாட்சி சொல்கிறார். இந்த வரிசையில் மூலத் தாளைப் படித்து, அதில் எழுதியிருப்பது சரியா என்று பதிவேட்டோடு ஒப்பிட்டவர் ஒரே ஒருவர்தான்: அதை எழுதிக் கொடுத்த முதல் அலுவலர். மற்ற எல்லோரும் கையெழுத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள்.

இந்த நீண்ட வரிசையைக் குறுக்கியதுதான் 1961 அக்டோபர் 5ஆம் தேதி நெதர்லாந்தின் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கை. 1965 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அது சொல்லும் ஏற்பாடு எளிமையானது. சேர்ந்த நாடு ஒவ்வொன்றும் தன் பொது ஆவணங்களுக்குச் சான்று தரும் அலுவலகம் எது என்று அறிவிக்க வேண்டும். அந்த அலுவலகம் ஒரே மாதிரியான ஒரு சான்றை ஆவணத்தில் இணைக்கும். அதுதான் அப்போஸ்டில். பக்கத்துக்கு ஒன்பது சென்டிமீட்டருக்குக் குறையாத சதுரம், பிரெஞ்சில் ஒரு தலைப்பு, எண்ணிட்ட பத்து வரிகள். எந்த நாடு, யார் கையெழுத்திட்டது, எந்தப் பதவியில், யாருடைய முத்திரை. பிறகு எந்த ஊரில், எந்தத் தேதியில், யாரால், எந்த எண்ணில் சான்று தரப்பட்டது. கடைசியில் முத்திரையும் கையெழுத்தும். இதைப் பெற்ற நாடு அதற்கு மேல் எந்தத் தூதரக முத்திரையும் கேட்கக் கூடாது. அப்போஸ்டிலில் உள்ள கையெழுத்துக்கு இன்னொரு சான்றும் கேட்கக் கூடாது. சங்கிலியை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு உடன்படிக்கை தந்த விடை இதுதான். இந்தியா 2004இல் இணைந்து, 2005 ஜூலை 14 முதல் இதை நடைமுறைப்படுத்துகிறது. ஓமன் 2012இலும், சிங்கப்பூர் 2021இலும், சவூதி அரேபியா 2022இலும், சீனா 2023இலும், கனடா 2024இலும் இந்த முறைக்குள் வந்தன. இன்று 120க்கு மேற்பட்ட நாடுகள் இதில் உள்ளன. ஐக்கிய அமீரகம், கத்தார், குவைத் போன்ற சேராத நாடுகளுக்குப் போகிறவர்கள் இன்னும் பழைய தூதரக வழியிலேயே போக வேண்டியிருக்கிறது.

நம் ஊரிலிருந்து இந்தப் பயணம் எப்படி நடக்கிறது என்றால், ஆவணங்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள். பிறப்பு, திருமணம், உறுதிமொழிப் பத்திரம் போன்ற சொந்த ஆவணங்கள் ஒரு வகை. மார்க் ஷீட், பட்டச் சான்றிதழ் போன்ற கல்வி ஆவணங்கள் இன்னொன்று. வணிக ஆவணங்கள் மூன்றாவது. முதல் இரண்டுக்கும் மாநில அரசின் உரிய துறை முதலில் சான்று தர வேண்டும். வணிக ஆவணங்களுக்கு வர்த்தக சபைகள். அதன் பிறகே வெளியுறவு அமைச்சகம். 2012 முதல் அமைச்சகம் பொதுமக்களிடம் நேரடியாகத் தாள்களை வாங்குவதில்லை. அங்கீகாரம் பெற்ற முகமைகள் வழியாகவே வாங்குகிறது. 2019 முதல் சென்னை உட்படப் பல நகரங்களிலேயே இந்த வேலை நடக்கிறது, டெல்லிக்குத் தாள் போக வேண்டிய கட்டாயம் குறைந்துவிட்டது. அப்போஸ்டிலுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் ஒரு தாளுக்கு வெறும் 50 ரூபாய். முகமையின் சேவைக் கட்டணம் தனி. இடைத்தரகர்கள் கேட்கும் ஆயிரக்கணக்கான ரூபாயில் பெரும்பங்கு அலைச்சலுக்கும் அவசரத்துக்கும் நாம் தரும் விலை. வில்லையை மூலச் சான்றிதழின் பின்பக்கத்தில்தான் ஒட்டுகிறார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று பட்டச் சான்றிதழை லேமினேஷன் செய்து வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்: பிளாஸ்டிக் உறையின் மேல் முத்திரை இட முடியாது.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். உள்ளடக்கம் உண்மையா என்று இந்தச் சான்று சொல்லவே இல்லையென்றால், இத்தனை முத்திரையும் வெறும் சடங்குதானே? இந்த ஆட்சேபத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. உடன்படிக்கையின் வாசகமே கையெழுத்தின் நம்பகத்தன்மை, கையெழுத்திட்டவரின் பதவி, முத்திரையின் அடையாளம் ஆகிய மூன்றோடு நின்றுவிடுகிறது. பொய்யான தகவலைக் கொடுத்து முறையான அலுவலரிடமிருந்தே வாங்கிய சான்றிதழுக்கும் அப்போஸ்டில் கிடைக்கும். இதை அறிந்த நாடுகள் தங்களுக்கு உள்ளடக்கம் முக்கியம் என்கிறபோது தனி வழி தேடுகின்றன. இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்ததற்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் இந்திய அப்போஸ்டில் ஜெர்மனியில் செல்லாது. அங்கே படிக்கப் போகும் இந்திய மாணவர்கள் 2022 நவம்பர் முதல், விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது ஏ.பி.எஸ். என்ற அமைப்பின் சான்றிதழைக் காட்ட வேண்டும். அந்த அமைப்பு மதிப்பெண்களையும் பட்டத்தையுமே ஆராய்கிறது. நம் பல்கலைக்கழகங்கள் கேட்பவர்களுக்குத் தரும் உண்மைத்தன்மைச் சான்றும் இதே தேவைக்குப் பிறந்ததுதான்.

ஆனால் இந்த உதாரணங்களே ஆட்சேபத்துக்கு விடையும் தருகின்றன. உள்ளடக்கத்தைச் சோதிப்பது செலவு மிகுந்த வேலை. அதற்கு அந்தந்தத் துறை தெரிந்த ஆட்கள் வேண்டும், பல்கலைக்கழகத்தோடும் மருத்துவமனையோடும் நகராட்சியோடும் கடிதப் போக்குவரத்து வேண்டும். ஒரு வெளியுறவு அமைச்சகம் நாட்டின் ஒவ்வொரு திருமணத்தையும் மதிப்பெண்ணையும் விசாரித்து உறுதி கூறுகிறேன் என்று கிளம்பினால், அந்த வாக்கை அதனால் காப்பாற்ற முடியாது. காப்பாற்ற முடியாத பெரிய வாக்கைவிட, காப்பாற்றக்கூடிய சிறிய வாக்கே பயன்படும். இந்தக் கையெழுத்து எங்கள் அலுவலருடையதுதான் என்று ஓர் அரசு இன்னோர் அரசுக்குச் சொல்லிவிட்டால், தாளின் மேல் வரும் சந்தேகம் தீர்ந்து, தகவலின் மேல் உள்ள சந்தேகம் மட்டும் மிஞ்சுகிறது. அதை எவ்வளவு தூரம் விசாரிப்பது என்பதைப் பெறுகிறவர் தம் தேவைக்கேற்ப முடிவு செய்துகொள்ளலாம். பள்ளியில் குழந்தையைச் சேர்க்கப் பிறப்புச் சான்று கேட்பவருக்கும், மருத்துவராகப் பணியமர்த்தப் பட்டம் கேட்பவருக்கும் ஒரே அளவு விசாரணை தேவையில்லை அல்லவா?

அப்படியானால் இந்த வரிசையின் பலம் முழுக்க அதன் முதல் கண்ணியில் இருக்கிறது. மேலே போகப்போக முத்திரை கனமாகிறது. ஆனால் தகவல் கூடுவதில்லை. கீழே ஒரு பிழை இருந்தால் அது அப்படியே பத்திரமாக மேலே ஏற்றி அனுப்பப்படும். பவானிப் பகுதியின் ஆவணங்களை எடுத்துப் பார்த்தால் இது தெளிவாகும். 1979 வரை பவானி கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு பெரியார் மாவட்டம். 1990களில் அது ஈரோடு மாவட்டம் ஆயிற்று. 1975இல் பிறந்த ஒருவரின் பிறப்புப் பதிவில் கோயம்புத்தூரும், பள்ளிச் சான்றில் பெரியாரும், பாஸ்போர்ட்டில் ஈரோடும் இருப்பது இயல்பு, மூன்றுமே சரி. ஆனால் வெளிநாட்டு அலுவலர் கண்ணுக்கு இவை மூன்று ஊர்கள். கல்வியிலும் இதே கதை. 1982இல் பாரதியார் பல்கலைக்கழகம் வருவதற்கு முன் இந்த வட்டாரக் கல்லூரிப் பட்டங்களைச் சென்னைப் பல்கலைக்கழகம் தந்தது. பெருந்துறையில் 1984இல் தொடங்கிய கொங்கு பொறியியல் கல்லூரியின் தொடக்ககால மாணவர்களிடம் இருப்பது பாரதியார் பல்கலைக்கழகப் பட்டம். பின்னாளில் படித்தவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம். ஒரே கல்லூரி, வெவ்வேறு முத்திரை. எந்தப் பட்டத்துக்கு யாரிடம் போய் உண்மைத்தன்மை கேட்பது என்பதைப் படித்தவரே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இவற்றைவிட அதிகமாகத் தடுக்கிவிடுவது பெயர். நம் இனிஷியல் முறையில் தந்தை பெயரின் முதலெழுத்தே போதும். பாஸ்போர்ட் விண்ணப்பமோ அதை விரித்து எழுதச் சொல்கிறது. பள்ளிச் சான்றில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் முழுப்பெயர், திருமணச் சான்றில் கணவர் பெயர் என்று ஒரே பெண்ணுக்கு மூன்று வடிவம் வந்துவிடும். 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறையை ஒழிக்கும்வரை, கிராமப் பிறப்புகளைக் குறித்தவர்கள் மணியக்காரர்கள். அந்தப் பதிவுகளில் குழந்தையின் பெயரே இல்லாமல் தகப்பனார் பெயர் மட்டும் இருப்பதும் உண்டு. இத்தகைய தாளுக்கு அப்போஸ்டில் கிடைப்பதில் சிக்கல் இல்லை, கையெழுத்து உண்மையாயிற்றே. சிக்கல் அயல்நாட்டு மேசையில்தான் வெடிக்கும். அங்கிருந்து திரும்பி வந்து திருத்துவதற்குப் பல மடங்கு செலவாகும்.

எதிர்த்திசைப் பயணத்திலும் இதே பாடம்தான். அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் பவானியில் உள்ள தோட்டத்தை விற்க, ஊரில் இருக்கும் தம்பிக்குப் பவர் பத்திரம் எழுதி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, வெளிநாட்டில் வசிப்பவர் தரும் அதிகாரப் பத்திரத்தை நோட்டரி, நீதிபதி, இந்தியத் துணைத் தூதர் போன்றோர் முன் எழுதி உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. 1899ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி, அந்தப் பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். அமெரிக்க நோட்டரியின் கையெழுத்துக்கு அந்த மாநிலச் செயலரின் அலுவலகம் அப்போஸ்டில் தரும். அந்த அப்போஸ்டில் தோட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாது. நிலம் அவருடையதா, அடமானத்தில் இருக்கிறதா என்பதற்கு வில்லங்கச் சான்றையும் பட்டாவையும்தான் பார்க்க வேண்டும். பவர் கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பதற்குப் பதிவு அலுவலகம் தனிச் சான்று கேட்பதும் இதனால்தான். அயல்நாட்டு முத்திரையின் பளபளப்பைப் பார்த்து இவற்றில் ஏமாந்தால், நஷ்டம் வாங்குகிறவருக்கு.

எல்லாம் கணினிமயமாகிவிட்ட பிறகு இந்தக் கையெழுத்துச் சங்கிலி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. இப்போது வரும் பிறப்புச் சான்றிதழ்களில் கியூஆர் குறியீடு இருக்கிறது. செல்பேசியில் காட்டினால் பதிவு தெரிந்துவிடுகிறது. கேள்வி நியாயமானது. ஆயினும் அந்தக் குறியீடு அழைத்துப் போகும் இணையதளம் உண்மையான அரசுத் தளமா என்பதை லிஸ்பனில் இருக்கும் அலுவலர் எப்படி அறிவார்? உலகில் உள்ள எத்தனையோ ஆயிரம் நகராட்சிகளின் தளங்களை அவர் அடையாளம் காண முடியாது. போலித் தளம் அமைப்பது போலி முத்திரை வெட்டுவதைவிடக் கடினமானதும் இல்லை. ஆகவே ஒவ்வொரு நாடும் முன்கூட்டியே அறிவித்த ஒரு சாட்சி மின்னணு உலகத்திலும் தேவைப்படுகிறது. 2006இல் ஹேக் அமைப்பு தொடங்கிய மின்னணு அப்போஸ்டில் திட்டம் அந்தச் சாட்சியைக் கணினிக்கு மாற்றியதே ஒழிய, நீக்கவில்லை. இந்திய அரசு 2017இல் கொண்டுவந்த இ-சனத் இன்னும் ஒரு படி முன்னே போகிறது: ஆவணம் தந்த நிறுவனத்தின் மின்பதிவேட்டிலிருந்தே தகவலைச் சரிபார்த்துச் சான்று தருவது அதன் நோக்கம். கையெழுத்தைப் பார்ப்பதற்குப் பதில் பதிவேட்டைப் பார்க்கிறார்கள். முதல் கண்ணியின் முக்கியத்துவத்தை அரசே ஒப்புக்கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பதிவேடே பிழையாக இருந்தால், இந்த முறை அந்தப் பிழையை இன்னும் வேகமாக உலகம் முழுக்கக் கொண்டு சேர்க்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனவே வெளிநாடு போக நினைப்பவர் முதலில் தேட வேண்டியது மலிவான ஏஜென்டை அல்ல. பிறப்புச் சான்று, டி.சி., மார்க் ஷீட், பட்டம், பாஸ்போர்ட், திருமணச் சான்று எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி, பெயரும் தேதியும் ஊரும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகாததை நகராட்சியிலோ பள்ளியிலோ பல்கலைக்கழகத்திலோ திருத்தி வாங்கிய பிறகே சென்னைக்கு வண்டி ஏற வேண்டும். அரசும் தன் கவனத்தை அமைச்சகக் கவுன்டரின் வேகத்தோடு நிறுத்திவிடாமல், ஊர் அலுவலகங்களின் பழைய பதிவேடுகளைச் சரிபார்த்துக் கணினியில் ஏற்றுவதிலும், பல்கலைக்கழகங்கள் உண்மைத்தன்மைச் சான்றைக் காலதாமதமின்றித் தரச் செய்வதிலும் செலுத்த வேண்டும். அந்த வேலை பவானியில் ஒழுங்காக நடந்தால், மேலே ஒட்டப்படும் 50 ரூபாய் வில்லைக்கு அதன் முழு மதிப்பும் கிடைக்கும்.