மலை இறக்கத்தில் குறைந்த கியர்

செங்குத்தான இறக்கத்தில் வாகனத்தின் வேகத்தைப் பிரேக் மிதியால் மட்டும் அடக்காமல், முதல் அல்லது இரண்டாவது கியரில் வைத்து எஞ்சினின் எதிர்ப்பாலும் அடக்கி ஓட்டும் முறை எஞ்சின் பிரேக் எனப்படுகிறது. 'இரண்டாவது கியரில் செல்லவும்' என்று மலைச்சாலைகளில் வைக்கப்பட்டிருக்கும் பலகைகள் சொல்வது இதைத்தான். எல்லா வாகனங்களுக்கும் இது பொருந்தும் என்றாலும், பாரம் ஏற்றிய பிக்கப் வாகனங்களுக்கு இதன் தேவை அதிகம். பேருந்துகளிலும் பெரிய லாரிகளிலும் இருக்கும் காற்றழுத்த பிரேக்கோ, புகைபோக்கியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்சாஸ்ட் பிரேக்கோ சிறிய பிக்கப்புகளில் பொதுவாக இருப்பதில்லை. ஆனால் அவை சுமக்கும் எடையோ காரின் எடையைவிட மிக அதிகம்.

நீலகிரியை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எல்லாம் மேலே விளைகின்றன. பெரிய சந்தை கீழே மேட்டுப்பாளையத்தில் இருக்கிறது. ஆகவே இங்குள்ள சரக்கு வண்டிகள் பெரும்பாலும் பாரத்தோடு இறங்குகின்றன, காலியாகவோ குறைந்த பாரத்தோடோ ஏறுகின்றன. ஏறும்போது எஞ்சின் திணறினால் வண்டி மெதுவாகும், அவ்வளவுதான். இறங்கும்போது பிரேக் திணறினால் வண்டியை நிறுத்த வேறு எதுவும் இல்லை.

வெப்பக் கணக்கு

மேலே இருக்கும் எடை கீழே வரும்போது அதன் நிலையாற்றல் எங்காவது போய்ச் சேர வேண்டும். பாரத்தோடு 3,000 கிலோ எடையுள்ள ஒரு பிக்கப் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவதாகக் கொள்வோம். உயர வேறுபாடு ஏறத்தாழ 1,400 மீட்டர். எடை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 41 மெகாஜூல் ஆற்றல் வருகிறது. 30 டிகிரி செல்சியசில் இருக்கும் 140 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். ஒரு மணி நேரத்தில் இறங்கினால், 1,000 வாட் வாட்டர் ஹீட்டர் பதினொன்று அந்த நேரம் முழுவதும் எரிந்ததற்குச் சமம்.

இதில் ஒரு பகுதியை டயரின் உருளல் எதிர்ப்பும் காற்றும் எடுத்துக்கொள்ளும். மலைச்சாலை வேகத்தில் காற்றின் பங்கு சொற்பம். மீதி முழுவதும் பிரேக்குக்கே போனால் என்ன ஆகும்? நான்கு சக்கரங்களின் டிஸ்க், டிரம் எல்லாம் சேர்த்து 60 கிலோ இரும்பு என்று வைத்துக்கொண்டு, வெப்பம் சிறிதும் வெளியேறவில்லை என்று கணக்கிட்டால், அந்த இரும்பு வார்ப்பிரும்பு உருகும் நிலையையே தாண்டிவிடும். உண்மையில் காற்று பட்டு இரும்பு குளிர்ந்துகொண்டே வருவதால் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனால் மெதுவாகச் செல்லும் வண்டியில் காற்றோட்டமும் குறைவு. சமவெளியில் ஒரு முறை அழுத்திவிட்டுப் பல நிமிடம் ஓய்வெடுக்கும் பிரேக், இங்கே ஓய்வின்றி உழைக்கிறது.

சூடேறிய பிரேக் மூன்று விதமாகக் கைவிடுகிறது. பேடிலும் லைனிங்கிலும் உள்ள பிசின் கருகி உராய்வு குறைகிறது. மிதி கடினமாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. டிரம் பிரேக்கில் டிரம்மே சூட்டில் விரிந்து லைனிங்கை விட்டு விலகுவதால் மிதி கூடுதலாக இறங்கும். மூன்றாவதுதான் மோசமானது: பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகின்றன. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆகவே மிதி தரைவரை போகும், சக்கரத்துக்கு அழுத்தம் போய்ச் சேராது. பிரேக் ஆயில் காலப்போக்கில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய நிலைக்கான வரம்போ 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு இவை முறையே 230, 155. மழையும் பனிமூட்டமும் மிகுந்த மலைப்பகுதியில் பழைய ஆயிலோடு ஓடும் வண்டியின் ஆபத்து இந்த எண்களிலேயே தெரிகிறது.

எஞ்சின் எப்படித் தடுக்கிறது

கியரில் இருக்கும் வண்டியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுவது நின்று, சக்கரம் எஞ்சினைச் சுழற்றத் தொடங்குகிறது. பிஸ்டன்களின் உராய்வு, ஆயில் பம்பும் தண்ணீர் பம்பும் இழுக்கும் சுமை, காற்றை உறிஞ்சி வெளியேற்றும் வேலை ஆகியவை சேர்ந்து வண்டியைப் பின்னுக்கு இழுக்கின்றன. இப்படிப் பிறக்கும் வெப்பத்தை ரேடியேட்டரும் புகைபோக்கியும் வெளியேற்றுகின்றன. பிரேக் டிரம் வெப்பத்தைச் சேர்த்து வைக்கும் பாத்திரம் போன்றது, நிரம்பினால் வழியும். எஞ்சின் வெப்பத்தை வெளியேற்றுவதற்கென்றே அமைக்கப்பட்டது. மணிக்கணக்கில் இந்த வேலையைச் செய்தாலும் அது சோர்வதில்லை. நீண்ட இறக்கத்தில் வெப்பமானியின் முள் கீழே இறங்குவதைக்கூடக் காணலாம்.

பெட்ரோல் எஞ்சினில் காற்று வழியைத் திராட்டில் மூடிவிடுவதால் உறிஞ்சும் வேலையே பெரிய தடையாகிறது. டீசல் எஞ்சினில் நிலைமை வேறு. அதிக அழுத்தத்தில் காற்றை அமுக்குவதால் டீசல் நன்றாகப் பிடிக்கும் என்று பலர் நினைக்கின்றனர். ஆனால் அமுக்கப்பட்ட காற்று சுருள்வில் போல விரிந்து பிஸ்டனைத் திரும்பத் தள்ளிவிடுகிறது. எடுத்த ஆற்றலில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்துவிடுகிறது. இந்தக் குறையை நேரில் உணர்ந்தவர் அமெரிக்க டீசல் எஞ்சின் வடிவமைப்பாளர் கிளெஸ்ஸி கம்மின்ஸ். 1931இல் டீசல் லாரியில் நாட்டைக் குறுக்காகக் கடந்தபோது, கலிபோர்னியாவின் கஹோன் கணவாய் இறக்கத்தில் அவருடைய லாரி கட்டுப்பாட்டை இழந்து, கீழே சரக்கு ரயில் ஒன்றில் மோதாமல் நூலிழையில் தப்பியது. அமுக்கிய காற்றை விரியவிடாமல் வால்வைத் திறந்து வெளியேற்றும் பிரேக்கை அவர் பின்னாளில் உருவாக்கினார். அது 1961இல் ஜேக்கப்ஸ் நிறுவனத்தின் வழியாக விற்பனைக்கு வந்தது. அத்தகைய பிரேக் இல்லாத பிக்கப்பில் டீசல் எஞ்சினின் தடுப்பைக் கூட்ட எளிய வழி அதை வேகமாகச் சுழலவிடுவதுதான். அதற்குத்தான் குறைந்த கியர்.

எந்த கியர்

முதல் கியர் விகிதம் 4, இரண்டாவது 2.2, நான்காவது 1, பின் அச்சின் விகிதம் 4.1, டயரின் சுற்றளவு 2.2 மீட்டர் என்று கொண்டால், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நான்காவது கியரில் நிமிடத்துக்கு 930 சுற்று சுற்றும், இரண்டாவதில் 2,050, முதல் கியரில் 3,700. சுற்று கூடும்போது எஞ்சினின் எதிர்ப்பு கூடுகிறது. அந்த எதிர்ப்பைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் கியர், தன் விகிதத்தால் அதை மேலும் பெருக்குகிறது. ஆகவே நான்கிலிருந்து இரண்டுக்கு வரும்போது சக்கரத்தில் விழும் தடுப்பு இரு மடங்குக்கும் மேலாகிறது.

'ஏறிய கியரிலேயே இறங்கு' என்பது ஓட்டுநர்களிடையே நெடுங்காலமாக வழங்கும் விதி. எஞ்சின்களுக்கு இழுவிசை குறைவாக இருந்த காலத்தில் அது சரியாகவே பொருந்தியது. இன்றைய டர்போ டீசல் மூன்றாவது கியரிலேயே எளிதாக ஏறிவிடும். அதே கியரில் இறங்கும்போது பிடிக்காது. மேலும், காலை காலியாக மூன்றில் ஏறிய வண்டி மாலை ஒன்றரை டன் காய்கறியோடு இறங்கும்போது, ஏறிய கியர் எது என்ற நினைவு எதற்கும் உதவாது. பிரேக்கை விட்டுவிட்டால் வண்டியின் வேகம் கூடாமலோ மிக மெதுவாக மட்டுமே கூடியோ செல்கிறதா என்று பார்ப்பதே நம்பகமான சோதனை. விரைவாகக் கூடினால் இன்னும் ஒரு கியர் குறைக்க வேண்டும்.

குறைப்பதை இறக்கம் தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும். வேகம் பிடித்த பிறகு இறக்கத்தின் நடுவில் கிளட்சை மிதித்தால் அந்த நொடியே எஞ்சினின் பிடி விடுபடுகிறது. வண்டி மேலும் வேகமெடுக்கிறது. குறைந்த கியர் விழ மறுக்கிறது. கியர் நியூட்ரலில் நின்றுவிட்டால் நிலைமை முன்பைவிட மோசம். அப்படியே விழுந்தாலும், மேற்சொன்ன வண்டி 45 கிலோமீட்டர் வேகத்தில் முதல் கியருக்குப் போனால் எஞ்சின் 5,500 சுற்றைத் தாண்டும். டீசல் எஞ்சினின் வரம்பு பொதுவாக அதைவிடக் குறைவு. எரிபொருளை நிறுத்தினாலும் சக்கரம் சுற்றுவதால் இந்த மிகைவேகத்தை எஞ்சினால் தடுக்க முடியாது. வால்வு பிஸ்டனில் மோதிச் சேதமாகலாம். பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுத்தான் கியரைக் குறைக்க வேண்டும்.

நியூட்ரலில் இறங்குவது

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டி இறங்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. கணக்கு நேர்மாறானது. கியரில் இருக்கும் வண்டியில் ஆக்சிலரேட்டரை விட்டதும், எஞ்சின் வேகம் ஐட்லிங் அளவுக்கு மேல் இருக்கும்வரை, எரிபொருள் நிறுத்தப்படுகிறது. நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் தேவைப்படுகிறது. அதாவது ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதற்கு ஒப்பானது இது. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது அதைவிடக் கொடுமை. பிரேக்குக்கு உதவும் வெற்றிட பூஸ்டர் சில அழுத்தங்களுக்குப் பிறகு வேலை செய்யாது. பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும். சாவியை எடுத்தால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும்.

பிரேக்கின் பங்கு

குறைந்த கியரில் இருந்தாலும் கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் வேண்டியிருக்கும். காலை மிதியிலேயே வைத்துக்கொண்டு இறங்குவதைவிட, வேகம் சற்றுக் கூடியதும் உறுதியாக அழுத்திக் குறைத்து, முழுவதுமாக விட்டுவிடுவது நல்லது. மொத்த வெப்பம் பெரிதாகக் குறைவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் மிதி எவ்வளவு இறங்குகிறது என்பது தெரிவதால், கோளாறு தொடக்கத்திலேயே புலப்படும். குறுகிய மலைச்சாலையில் ஏறிவரும் வாகனத்துக்கே முன்னுரிமை என்பதால், இறங்கும் வண்டி எந்த நேரமும் நிற்க வேண்டிவரலாம். அதற்கான பிரேக்கை மிச்சம் வைத்திருக்க வேண்டும்.

காலியான பிக்கப்பில் இன்னொரு கவனம் தேவை. பெரும்பாலான பிக்கப்புகளில் எஞ்சின் பிரேக் பின் சக்கரங்களில் மட்டுமே விழுகிறது. பின்புறம் பாரமில்லாமல், மழையில் நனைந்த சாலையில், கிளட்சைச் சட்டென்று விட்டால் பின் சக்கரம் வழுக்கும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியை மண் பாதையில் லோ ரேஞ்சில் போட்டால் தடுப்பு நான்கு சக்கரங்களுக்கும் பகிரப்படும், பல மடங்கு கூடவும் செய்யும். உலர்ந்த தார்ச்சாலையில் அதைப் போடக்கூடாது. வளைவுகளில் அச்சுகள் இறுகிச் சேதமாகும்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் டி நிலையில் இறங்கினால் பெட்டி தானாகவே மேல் கியருக்குப் போய்விடக்கூடும். எல், 2 அல்லது மேனுவல் நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'ஹில் டிசென்ட் கன்ட்ரோல்' என்ற பொத்தானை இதற்கு மாற்றாக நினைப்பது தவறு. அது சக்கர பிரேக்குகளையே தானாக இயக்குகிறது. குறுகிய கரடுமுரடான சரிவுக்கு ஏற்றது, நீண்ட மலைச்சாலைக்கு அன்று.

உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அடுத்தடுத்து நடந்த விபத்துகளுக்குப் பிறகு வெளியூர் வாகனங்கள் அவ்வழியே இறங்கக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைச்சாலையில் வேறு வழி பின்பற்றப்படுகிறது. 4,302 மீட்டர் உயரச் சிகரத்திலிருந்து இறங்கும் வாகனங்களைப் பாதி வழியில், கிளென் கோவ் என்ற இடத்தில் நிறுத்தி, பிரேக்கின் வெப்பநிலையை ஊழியர்கள் அளக்கின்றனர். அதிகமாக இருந்தால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

அத்தகைய சோதனை இல்லாத சாலையில் ஓட்டுநரின் மூக்கும் காலுமே கருவிகள். கருகிய வாடையோ சக்கரத்திலிருந்து புகையோ வந்தாலும், மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலும், அகலமான இடம் பார்த்து நிறுத்திவிட வேண்டும். சக்கரத்துக்குக் கல் வைத்து, முதல் கியரில் விட்டு, தானாக ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் சூடான இரும்பு விரிசல்விடும். ஓடும்போதே பிரேக் போய்விட்டால் மிதியை வேகமாகப் பலமுறை அழுத்திப் பார்ப்பது, கியரை ஒவ்வொன்றாகக் குறைப்பது, கை பிரேக்கைப் படிப்படியாக இழுப்பது, எதுவும் உதவாதபோது பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சுவரோடு வண்டியை உரசி நிறுத்துவது என்பதுதான் வரிசை.