முதுகுவலிக்காரன் குதிரை ஏறலாமா?

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் என் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். மறுநாள் காலை முதுகு இறுகிப்போய் எழுந்திருக்க முடியவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு மதியம்தான் வேலைக்குப் போனேன். அப்போது ஒரு கன்டெய்னர் யார்டில் டாக்குமென்ட் பார்க்கும் வேலை. மேலதிகாரி தன் செல்போனைத் திருப்பிக் காட்டினார். "குதிரை ஏற முடியுது, சேர்ல உட்கார முடியாதா?"

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டில் அம்மாவும் தன் பங்குக்கு, "முதுகு இரும்பு மாதிரி கெடக்குது, உனக்குக் குதிரை ஒரு கேடாடா?" என்றாள். இரண்டு கேள்வியும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குப் பதில் தேடிப் படித்ததும், என் உடம்பிலேயே சோதித்துப் பார்த்ததும்தான் இந்தக் குறிப்பு. நான் டாக்டர் இல்லை. நோயாளி, அவ்வளவுதான்.

வலி எங்கிருந்து வருகிறது

எனக்கு இருப்பது அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பே முதுகெலும்பையும், அது இடுப்போடு சேரும் மூட்டுகளையும் தாக்கி அழற்சி உண்டாக்கும் நோய். பெரும்பாலும் 45 வயதுக்குள் ஆரம்பிக்கும். சிலருக்கு, வருஷங்கள் போகப் போக எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

சாதாரண முதுகுவலிக்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. மூட்டை தூக்கிப் பிடித்துக்கொண்ட முதுகு, ஓய்வு கொடுத்தால் தணியும். அழற்சியால் வரும் முதுகுவலி ஓய்வில் கூடும், அசைந்தால் குறையும். விடியற்காலையில்தான் மோசம். எழுந்து நடக்க நடக்க இளகும்.

அதாவது மேலதிகாரியின் கேள்வியில் எது சுலபம், எது கஷ்டம் என்பதே தலைகீழாக இருந்தது. என் போன்றவனுக்கு எட்டு மணி நேரம் அசையாமல் சேரில் உட்காருவதுதான் பெரிய வேலை. சீராக அசையும் ஒன்றின் மேல் பதினைந்து நிமிஷம் உட்காருவது அந்த அளவுக்குக் கஷ்டம் இல்லை.

இன்னொன்றையும் அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சர்வதேச வலி ஆய்வுக் கழகம் வலிக்கான தன் வரையறையை 2020-ல் திருத்தியது. நரம்பு அனுப்பும் சமிக்ஞை வேறு, மனிதன் உணரும் வலி வேறு. தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று அதன் குறிப்புகள் சொல்கின்றன. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. அப்படிப்பட்ட வலி எல்லா நாளும் ஒரே அளவில் இருக்காது. ஞாயிறு முடிந்தது திங்கள் முடியாமல் போவது நோயின் இயல்பு. நடிப்பு இல்லை.

குதிரை நடக்கும்போது

குதிரைக்குப் பல வேகங்கள் உண்டு. மெதுநடையில் நான்கு கால்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையைத் தொடும். எந்த நேரத்திலும் ஒரு காலாவது தரையில் இருக்கும். நம்ம இடுப்பு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், கொஞ்சம் சுழன்றும் அசையும். நாம் சொந்தக் காலில் நடக்கும்போது இடுப்பு அசைவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். அதனால்தான் உடலியக்கப் பயிற்சியில் குதிரையைப் பயன்படுத்துகிறார்கள். பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளிடம்தான் இதை அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள்.

அடுத்த வேகம் டிராட். குறுக்கே எதிரெதிராக உள்ள இரண்டு கால்கள் சேர்ந்து எழும். நடுவில் ஒரு கணம் நான்கு காலும் காற்றில் இருக்கும். பிறகு இறங்கும்போது வரும் அதிர்ச்சி நேரே முதுகுத்தண்டில் ஏறும். பழகியவர்கள் அங்கவடியில் காலை ஊன்றி, தாளத்துக்கு எழுந்து எழுந்து உட்கார்ந்து அதைச் சமாளிப்பார்கள். எனக்கு அது வரவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வேறு மாதிரி சொல்கிறேன். மெதுநடை என்பது கடற்கரை ஓரமாக நடந்து போவது. டிராட் என்பது கன்டெய்னர் லாரி பின்னாடியே எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஸ்கூட்டரில் குண்டும் குழியுமாகப் போவது. உண்மையைச் சொன்னால், வேலைக்குப் போய்வந்த அந்த ஸ்கூட்டர் பயணம் குதிரையைவிட என் முதுகை அதிகம் வதைத்தது. அதைப் பற்றி யாரும் கேள்வி கேட்டதில்லை.

லிஸ் ஹார்டெல்

டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெலுக்கு 1944-ல், 23 வயதில் போலியோ வந்தது. அப்போது அவர் கர்ப்பிணி. குழந்தை நலமாகப் பிறந்தது. அவர் விடாமல் பயிற்சி செய்து மறுபடி எழுந்தார். ஆனால் முழங்காலுக்குக் கீழே செயல் திரும்பவே இல்லை. குதிரையில் ஏறவும் இறங்கவும் ஆள் துணை வேண்டும்.

டிரெஸாஜ் என்பது குதிரையை வகுத்த அசைவுகளில் நடத்திக் காட்டும் போட்டி. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் அது முதன்முதலாகப் பெண்களுக்குத் திறக்கப்பட்டது. அதுவரை ராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமே. அந்த வருஷமே ஹார்டெல் ஜூபிலி என்ற குதிரையோடு வெள்ளி வென்றார். 1956-லும் வெள்ளி. ஆஸ்திரேலியாவின் குதிரைத் தனிமைச் சட்டத்தால் அந்த ஆண்டு குதிரைப் போட்டிகள் மட்டும் மெல்போர்னில் நடக்காமல் ஸ்டாக்ஹோமில் நடந்தன.

அவர் செயலிழப்பும் என் வலியும் ஒன்றல்ல. அவர் கதையில் எனக்குப் பிடித்தது பதக்கம் இல்லை. ஆள் துணையோடு ஏறினார், அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று பாராலிம்பிக் டிரெஸாஜில் ஐந்து பிரிவுகள் உண்டு. முதல் பிரிவில் மெதுநடை மட்டும்தான். டிராட் கிடையாது. உலக அளவிலேயே நடையை மட்டும் வைத்துப் போட்டி இருக்கும்போது, நான் நடையோடு நிறுத்திக்கொள்வதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

என் கணக்கு

ஒன்று, முதலில் டாக்டர். முதுகெலும்பு ஒட்டிப்போனவர்களுக்கும் எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கும் சின்ன விழுதல்கூட எலும்பு முறிவில் முடியலாம். என் எக்ஸ்ரேயையும் எலும்பு அடர்த்தி ஸ்கேனையும் பார்த்த பிறகுதான், "நடை மட்டும், ஹெல்மெட்டோட" என்று அனுமதி கிடைத்தது. ஒட்டிப்போயிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். அதையும் கேட்டிருப்பேன்.

இரண்டு, வலி வந்ததும் நிறுத்தாதீர்கள். வலி வருவதற்கு முன்பே நிறுத்துங்கள். நாள்பட்ட வலிக்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பு, நல்ல நாளில் எல்லாவற்றையும் செய்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துக் கிடப்பது. அந்த போட்டோ எடுத்த ஞாயிறு நான் அதைத்தான் செய்தேன். நாற்பது நிமிஷம், அதில் டிராட்டும் உண்டு. திங்கட்கிழமையின் இறுக்கத்தில் என் தப்பும் கொஞ்சம் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. பிறகு நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தேன். பதினைந்து நிமிஷ நடை என்றால் மறுநாள் எந்தக் கடனும் இல்லை. அதிலிருந்து எனக்குக் கடிகாரம்தான் எஜமான். 'இன்னும் அஞ்சு நிமிஷம்' என்று மனசு கெஞ்சும்போதே இறங்கிவிடுவேன்.

மூன்று, ஏறுவதும் இறங்குவதும். தரையிலிருந்து காலைத் தூக்கிப் போட்டு ஏறினால் இடுப்பு மூட்டு முறுக்கிக்கொள்ளும். மூன்று படி வைத்த மரப்பெட்டி மேல் நின்று ஏறுகிறேன். இறங்கும்போது குதிக்காமல், சேணத்தில் வயிற்றைச் சாய்த்து மெல்ல வழுக்கி இறங்குகிறேன். நான் போகும் இடம் ஈ.சி.ஆர். பக்கம். திருவொற்றியூரிலிருந்து அங்கே போய்வருவதே ஒரு பாடு, அதனால் மாதம் இரண்டு முறைதான்.

நான்கு, எடை. சேணத்தோடு சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பொதுவான விதி. நான் 70 கிலோ, சேணம் 7 கிலோ. 300 கிலோ உள்ள சின்னக் குதிரை தாங்க வேண்டியது 60 கிலோதான். அதனால் கடற்கரையில் சவாரிக்கு நிற்கும் சின்னக் குதிரைகளில் நான் ஏறுவதில்லை.

அதுக்கும் வலிக்கும்

எங்கள் பக்கத்துக்குக் குதிரை புதுசு இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து பட்டாளத்துக்கான குதிரைகள் கப்பலில் மதராஸ் வந்து இறங்கின. அந்த ஊர்ப் பெயரால் 'வேலர்' என்றே அவற்றை அழைத்தார்கள். இப்போது எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பெண்குதிரை இருக்கிறது. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும். சாயந்திரங்களில் போய் அதற்குத் தேய்த்துவிடுவேன். கை மெதுவாக மேலும் கீழும் போகும், தோள் இளகும். குதிரையை ரசிக்க அதன் மேல் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

குதிரை வேட்டையாடப்படும் விலங்கு. நொண்டுவது தெரிந்தால் புலி அதைத்தான் பிடிக்கும். அதனால் வலியை மறைப்பது அதன் பிறவிக்குணம். 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, குதிரையின் முகத்தில் வலியைப் படிக்க ஆறு அடையாளங்களைக் கொடுத்தது. விறைத்துப் பின்னால் போகும் காது, இறுகும் கண், கண்ணுக்கு மேலே இழுபடும் தசை, புடைக்கும் தாடைத் தசை, இறுகிய வாய், விறைத்த மூக்குத் துவாரம். இதைப் படித்தபோது ஆபீசில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன்.

போன மாதம் ஒரு நாள் அந்த வெள்ளைக் குதிரையின் காது பின்னால் விறைத்திருந்தது. முன்னங்காலை மாற்றி மாற்றி வைத்தது. குதிரைக்காரரைக் கூப்பிட்டேன். குளம்பைத் தூக்கிப் பார்த்தார். லாடத்தின் ஓரம் சின்னக் கல் குத்தியிருந்தது. அன்றைக்கு ஒரு ஊர்வலம் பேசியிருந்தார்கள். அவர் போன் போட்டு, "இன்னைக்கு அதுக்கு முடியலண்ணே, வேற குதிரை பாத்துக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

முந்தின நாள் ராத்திரிதான் அது பேண்டு சத்தத்துக்கு நடுவே இரண்டு மணி நேரம் நடந்திருந்தது. நேத்து முடிஞ்சுதே, இன்னைக்கு ஏன் முடியலைன்னு அதுகிட்ட யாரும் கேட்கலை.