புகை சொல்லும் சேதி
சர்வீஸ் சென்டர் தொலைவில், வண்டியோ வாசலில். பழைய பிக்கப் வண்டிக்கு வீட்டிலேயே நடக்கும் முழு டியூனப், மலையடிவார ஊர்களில் பொழுதுபோக்கு அல்ல.

விடிவதற்குள் லோடு கிளம்பியாக வேண்டும். சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் மூச்சு வாங்குகிறது. ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவது முறை என்ஜின் இருமிக்கொண்டே எழுந்து வாசலெங்கும் வெள்ளைப் புகையைக் கக்குகிறது. மேட்டில் ஏறும்போது வெள்ளை கறுப்பாகிறது. மூன்றாவது கியரில் போன ஏற்றத்துக்கு இப்போது இரண்டாவது கியர் வேண்டியிருக்கிறது. டீசல் செலவு ஏறிவிட்டது. பழைய பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இந்த அறிகுறிகள் அத்துப்படி. நகரமென்றால் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். மார்டள்ளி போன்ற ஊரில் அது நடக்கிற காரியமல்ல.

கர்நாடகத்தின் தென்கோடியில், மாதேஸ்வரன் மலைக் காடுகளை ஒட்டிய தமிழ் கிராமம் மார்டள்ளி. கத்தோலிக்கக் குடும்பங்கள் அதிகம். மைசூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி 1997இல் சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போனது. அதற்கும் முன்னால், 1956 மாநிலச் சீரமைப்பு வரை, கொள்ளேகால் தாலுகாவே சென்னை மாநிலத்தின் கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. மாநில எல்லை மாறினாலும் மக்களின் பேச்சு மாறவில்லை. வெளியுலகம் இந்த வட்டாரத்தை வீரப்பன் தேடுதல் வேட்டையின் பெயரால்தான் அறிந்தது. 2004 அக்டோபரில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டதோடு பத்திரிகைகளும் இந்தப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டன.

மீண்டும் அவை வந்தது 2018 டிசம்பரில். மார்டள்ளிக்கு அருகே சுள்வாடி மாரம்மன் கோயிலில் விஷம் கலந்த பிரசாதம் சாப்பிட்டு 17 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் கொள்ளேகாலுக்கும் அங்கிருந்து மைசூருக்கும் கொண்டுசெல்லப்பட்டார்கள். மைசூர் இங்கிருந்து 100 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவு. இப்படிப்பட்ட ஊரில், வாசலில் நிற்கும் வண்டி முதல் சாவியில் ஸ்டார்ட் ஆகிறதா என்பது வெறும் வியாபாரக் கேள்வியாக இருக்க முடியாது.

முதல் சோதனை

டியூனப் என்ற சொல்லே பெட்ரோல் என்ஜின் காலத்தது. பிளாட்டினம் பாயின்ட்டைத் தேய்த்து இடைவெளி வைப்பது, ஸ்பார்க் பிளக் மாற்றுவது, கார்புரேட்டரைக் கழுவுவது, பற்றவைக்கும் நேரத்தைச் சரிசெய்வது ஆகியவைதான் அன்றைய டியூனப். டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை ஏறக்குறைய 20 மடங்கு அழுத்தும்போது எழும் கொதிப்பிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. எனவே டீசல் டியூனப் என்பது சுருக்கமாக மூன்று விஷயம்: சுத்தமான காற்று, சுத்தமான டீசல், குறையாத கம்ப்ரஷன்.

கம்ப்ரஷன் இல்லாத என்ஜினுக்கு டியூனப் செய்வது செத்தவனுக்கு ஊசி போடுவது மாதிரி. அதனால் ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன்பே விவரம் தெரிந்தவர்கள் ஒரு சோதனை செய்கிறார்கள். வண்டி ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கிறார்கள். அங்கிருந்து குப்குப்பென்று புகை தள்ளினால் மெக்கானிக்குகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘பேக் கம்ப்ரஷன்’. பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். அது என்ஜினைப் பிரிக்க வேண்டிய வேலை. வாசலில் ஒரு நாளில் முடியாது.

சைலன்சர் புகையும் சேதி சொல்கிறது. கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை, அல்லது நாசில் சரியாகத் தூவவில்லை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. என்ஜின் சூடான பிறகும் விடாத வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது தண்ணீர் உள்ளே கசிகிறது.

வாசலே ஒர்க்‌ஷாப்

சமதரையில் வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் வைப்பதோடு வேலை தொடங்குகிறது. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுப்பவர்கள் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். உறுதியான தாங்கி இல்லாமல் அடியில் போகக் கூடாது.

முதல் கவனம் ஏர் ஃபில்டருக்கு. மண் சாலையில் ஓடும் வண்டிக்குக் கம்பெனிப் புத்தகம் சொல்லும் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. காகித ஃபில்டரை உள்ளிருந்து வெளியே ஊத வேண்டும். வெளியிலிருந்து ஊதினால் தூசி இன்னும் ஆழமாகப் போகும். லேசாகக் கிழிந்திருந்தாலும் மாற்றிவிட வேண்டும். அந்தக் கிழிசல் வழியே போகும் மண்தான் அடுத்த வருஷம் லைனரைத் தின்கிறது.

அடுத்தது டீசல் ஃபில்டர். கேனில் வாங்கி வைத்த டீசலில் தண்ணீரும் துருவும் சேர்வது சகஜம். ஃபில்டரை மாற்றியதும் பைப்பில் காற்று புகுந்துவிடுவதால் ‘ஏர் எடுக்க’ வேண்டும். ஃபில்டரின் மேலிருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்ப்பை அமுக்கிக்கொண்டே இருந்தால் முதலில் நுரை வரும், பிறகு குமிழியில்லாத டீசல் வரும். அப்போது இறுக்கிவிடலாம். இதைச் செய்யாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்பவர்கள் பேட்டரியைக் கொன்றுவிடுகிறார்கள்.

என்ஜின் சற்றுச் சூடாக இருக்கும்போது ஆயிலை இறக்கினால் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வரும். பழைய ஆயிலை ஓடையில் ஊற்றுவது இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. சட்டப்படி அது அபாயக் கழிவு. சுற்றியுள்ள காடு 2013இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; அங்குள்ள ஓடைகளை நம்பியிருப்பவை மாடுகள் மட்டுமல்ல. கேனில் பிடித்துவைத்துப் பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுப்பதுதான் முறை.

ஐந்தின் கணக்கு

டியூனப்பின் இதயம் டாப்பெட். வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாக வேண்டும். சூட்டில் உலோகம் விரியும்போது வால்வு முழுதாக மூட அந்த இடம் தேவை. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என்று என்ஜினுக்கு என்ஜின் மாறும் அந்த அளவு கம்பெனிப் புத்தகத்தில் இருக்கிறது. என்ஜின் சூடாக இருக்கும்போது அளப்பதா, ஆறிய பிறகு அளப்பதா என்பதும் அதிலேயே இருக்கும். தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட் கொண்ட என்ஜின்களுக்கு இந்த வேலையே இல்லை.

எந்த வால்வை எப்போது அளப்பது? நான்கு சிலிண்டர் என்ஜினுக்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் வழி அழகானது. கூட்டினால் ஐந்து வர வேண்டும், அவ்வளவுதான். கிராங்கைக் கையால் சுற்றும்போது நான்காவது சிலிண்டரில் ஒரு வால்வு மூடி முடிக்க, மற்றது திறக்கத் தொடங்கும் தருணம் வரும். அப்போது முதல் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். அதை அளக்கலாம். இரண்டாவது அசைந்தால் மூன்றாவது. ஒன்று அசைந்தால் நான்கு. மூன்று அசைந்தால் இரண்டு. பீலர் கேஜ் தகடு லேசான பிடிப்போடு வழுக்கி வர வேண்டும். 2005இல் டாடா ஏஸ் வந்தபோது, ‘குட்டி யானை’ என்று தமிழர்கள் பெயர் வைத்த அந்த 702 சிசி வண்டிக்கு இரண்டே சிலிண்டர். அதற்குக் கணக்கு வேறு.

காது ஏமாற்றும் இடமும் இதுதான். டாப்பெட் ‘டிக் டிக்’ என்றால் எல்லோரும் பதறுகிறார்கள். உண்மையில் சத்தம் போடும் டாப்பெட்டைவிடச் சத்தமே போடாத டாப்பெட்தான் ஆபத்து. இடைவெளி அடியோடு போய்விட்டால் வால்வு மூடாது, கம்ப்ரஷன் கசியும், வால்வின் விளிம்பு கருகும். அதுவரை என்ஜின் தேன்போல் ஓடுவதாகத்தான் தோன்றும். அனுபவம் எவ்வளவு இருந்தாலும் அளவு கருவி வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நிறுத்த வேண்டிய இடம்

வீட்டு வேலைக்கு ஓர் எல்லை உண்டு. நாசிலும் பம்ப்பும் அந்த எல்லைக்கு அப்பால் இருக்கின்றன. பழைய என்ஜின்களில் எந்த நாசில் சோம்பேறி என்று கண்டுபிடிக்க எளிய வழி இருந்தது. ஓடும் என்ஜினில் ஒவ்வொரு பைப்பின் நட்டையும் சற்றுத் தளர்த்துவார்கள். தளர்த்தியும் ஓட்டத்தில் மாற்றம் தெரியாவிட்டால் அந்த சிலிண்டர் முன்பே வேலை செய்யவில்லை. கண்டுபிடித்த நாசிலைக் கழற்றி டெஸ்ட் பெஞ்ச் உள்ள கடைக்குக் கொண்டுபோவார்கள். 1951இல் தொடங்கப்பட்டு பெங்களூர் ஆடுகோடியில் பம்ப்பும் நாசிலும் தயாரித்த மைக்கோ நிறுவனத்தின் பெயர், தென்னாட்டு டீசல் மெக்கானிக்குகளுக்கு அந்தப் பொருளின் பெயராகவே ஆகிவிட்டிருந்தது. 2008இல் அது போஷ் லிமிடெட் ஆனது.

இன்று அந்தச் சோதனையைப் புதிய வண்டியில் செய்யவே கூடாது. பழைய நாசில் திறந்த அழுத்தம் சுமார் 200 பார். காமன் ரெயில் என்ஜினில் அது 1,600 பாரையும் தாண்டுகிறது. தளர்ந்த நட்டிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளிதான் தெரியும். கவனிக்காமல் விட்டால் விரலையோ கையையோ எடுக்க வேண்டிவரலாம். அப்பனிடம் மகன் கற்ற வித்தையே மகனுக்கு ஆபத்தாக முடியும் விசித்திரம் இது.

2017 ஏப்ரலில் பிஎஸ்-4, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் நாடு முழுவதும் வந்தன. புகை குறைந்தது, சந்தேகமில்லை. கூடவே சென்சார்களும் கணினியும் வந்தன. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் காரணம் சொல்வது காது அல்ல, ஸ்கேனர். காற்று, ஆயில், ஃபில்டர், பெல்ட், கூலன்ட் ஆகியவை இன்னும் வீட்டுக்காரர் கையில் இருக்கின்றன. மற்றதெல்லாம் பூட்டிய பெட்டிக்குள்.

அந்தப் பூட்டின் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வி உலகெங்கும் எழுந்திருக்கிறது. வண்டியைப் பழுதுபார்க்கத் தேவையான தகவல்களை உரிமையாளருக்கும் வெளி ஒர்க்‌ஷாப்புக்கும் தர வேண்டும் என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இல் சட்டம் செய்தது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் துறை 2022இல் ஒரு குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டு உபயோகப் பொருள்களோடு வாகனங்களும் அதில் அடக்கம். ஆனால் இணையதளம் வேறு, சட்டம் வேறு. சர்வீஸ் சென்டருக்கு ஒரு நாள் பயணம் செய்ய வேண்டிய கிராமத்துக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே புரியும்.

அதுவரை பழைய வண்டிகள் மேடு ஏறிக்கொண்டுதான் இருக்கும். எட்டு வருஷம் கடந்த லாரிக்கும் பிக்கப்புக்கும் ஆண்டுதோறும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். எமிஷன் டெஸ்டில் ஆக்ஸிலரேட்டரை ஒரே மூச்சில் மிதித்துப் புகையின் அடர்த்தியை அளக்கிறார்கள். ஒழுங்கான டியூனப் அங்கே தன் கூலியை வாங்கிக் கொடுத்துவிடும்.

மாலையில் டாப்பெட் கவரை மூடி, ஸ்பானர்களை எண்ணி எடுத்து, பேட்டரி ஒயரை மாட்டி ஒரு முறை ஓட்டிப் பார்ப்பார்கள். என்றாலும் உண்மையான பரீட்சை அதுவல்ல. சூடான என்ஜின் யார் கைக்கும் ஸ்டார்ட் ஆகும். இரவெல்லாம் பனியில் நின்ற வண்டி, மறுநாள் விடியலில் லோடோடு முதல் சாவியில் எழ வேண்டும். எழுந்தபின் வாசலில் புகை நிற்கக் கூடாது. மார்டள்ளி போன்ற ஊர்களில் சான்றிதழ் கொடுப்பது அந்த விடியல்தான்.