மீன்தொட்டியில் தட்டைப்புழு: ஒரு முறை குளிப்பாட்டினால் போதுமா?

பெரிய முதல் இல்லாமல் வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய தொழில்களில் அலங்கார மீன் வளர்ப்பும் ஒன்றாகும். லயத்துக் கோடிப்புறத்தில் இரண்டு சீமெந்துத் தொட்டிகள், பீலித் தண்ணீர், ஒரு சிறு வலை இருந்தால் தொடங்கிவிடலாம். யுத்தத்தில் கணவனை இழந்து, வன்னியிலிருந்து பிள்ளைகளோடு ஊவாவிலுள்ள உறவினரிடம் வந்து சேர்ந்த பெண்ணுக்கும், கொழுந்து எடுக்கும் வேலையில் பேர் கிடைக்காத நாட்களில் வேறு வருமானம் தேடும் பெண்ணுக்கும் இது கைகொடுக்கும். ஆனால் மூன்று நான்கு மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்த மீன், விற்கும் நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து மிதந்தால் போட்ட காசும் போய்விடும், பட்ட பாடும் போய்விடும்.

அப்படி நேரும்போது "குளிர் தாங்கவில்லை" என்பார்கள். நாவூறு பட்டுவிட்டது என்று சொல்வோரும் உண்டு. பல வேளைகளில் உண்மைக் காரணம் தட்டைப்புழுதான்.

சகோதரிகளே, இங்கே ஒரு விடயத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தொட்டிச் சுவரில் வெள்ளை நிறத்தில் மெல்ல ஊர்ந்து செல்லும் சிறு புழுவைக் கண்டதும் பலர் பயந்து, தண்ணீரை முழுவதும் கொட்டி, ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுகிறார்கள். அந்தப் புழு பொதுவாக மீனைக் கொல்வதில்லை. மீன் தின்னாமல் விட்ட தீனியைத் தின்றே அது பெருகுகிறது. தீனியைக் குறைத்து, அடியில் தங்கும் கழிவைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தால் தானாகக் குறைந்துவிடும். நாம் பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத புழுவுக்கு. அது மீனின் தோலிலும் பூவிலும் கொக்கி போட்டுத் தொங்குகிறது. நீளம் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர்தான். புழு தெரியாவிட்டாலும் அதன் வேலை தெரியும். மீன் துடுப்புகளை ஒடுக்கிக்கொள்ளும், தொட்டிச் சுவரில் உடம்பைத் தேய்க்கும், உடம்பில் வழுவழுப்பு கூடும், தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும்.

இந்தப் புழுவிலும் இரண்டு வகை உண்டு. கப்பி மீனைப் பிடிப்பது குட்டி போடும் வகை. தாய்ப்புழுவின் வயிற்றில் குட்டி இருக்கும். பிறக்குமுன்பே அந்தக் குட்டியின் வயிற்றில் இன்னொரு குட்டி வளரத் தொடங்கியிருக்கும். ஆகவே ஒரே ஒரு புழு வந்தாலும் சில நாட்களில் அது கூட்டமாகிவிடும். தங்கமீனின் பூவைப் பிடிக்கும் வகையோ முட்டையிடுகிறது. முட்டை தொட்டியின் அடியிலும் செடியிலும் தங்கிவிடும். மருந்துத் தண்ணீர் புழுவைக் கொன்றாலும் முட்டையை அவ்வளவாகத் தொடாது.

இது நமக்கு மட்டும் வந்த தொல்லையல்ல. வெளிநாடுகளில் வீட்டுக்குள் கடல்நீர்த் தொட்டி வைத்து உயிருள்ள பவளம் வளர்ப்பவர்களும் இதே பாடு படுகிறார்கள். (நம் நாட்டில் கடலிலிருந்து பவளத்தைப் பெயர்த்தெடுப்பது சட்டப்படி குற்றம்.) அவர்களுடைய கொம்புப் பவளங்களைத் தின்னும் ஒரு தட்டைப்புழுவுக்கு 2011ஆம் ஆண்டில்தான் விஞ்ஞானிகள் பெயரிட்டார்கள், வளர்ப்பவர்கள் அதற்கு முன்பே அதனால் நொந்து போயிருந்தார்கள். அது பவளத்தின் நிறத்தோடு நிறமாக ஒட்டிக்கொள்வதால் கண்ணில் படாது. பவளத்தை மருந்துத் தண்ணீரில் தோய்த்தால் புழு விழும், அடியில் ஒட்டிய முட்டை விழாது. எனவே குஞ்சு பொரிக்கும் காலம் பார்த்து மறுபடியும் மறுபடியும் தோய்க்கிறார்கள். நீர் சூடாக இருந்தால் முட்டை சீக்கிரம் பொரிக்கும், குளிர்ந்தால் தாமதமாகும்.

நம் மலைகளில் இதுதான் கவனிக்க வேண்டிய இடம். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்கள் 1,200 மீற்றருக்கும் மேலே. வெதுவெதுப்பை விரும்பும் கப்பி, பதுளை, பசறைப் பக்கத்துக்குப் பொருந்தும்; மேலே போகப் போகக் குளிர் தாங்கும் தங்கமீனே நல்லது. அதனால் மேல் தோட்டத்துச் சகோதரிகளுக்குத்தான் முட்டையிடும் புழுவின் தொல்லை. மார்கழி, தைக் குளிரில் அந்த முட்டை பொரிக்க வாரக்கணக்கிலும் ஆகலாம். ஒரு கிழமை மீன் சுகமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டால் அடுத்த கிழமை பழைய கதைதான்.

கப்பிக்கு உப்புக் குளியல் நல்ல வைத்தியம். வேல்ஸிலுள்ள கார்டிஃப் பல்கலைக்கழகத்தினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், லீற்றருக்கு 25 கிராம் உப்புக் கலந்த நீரில் 5 முதல் 15 நிமிடம் மீனை விட்டபோது ஓர் இனப் புழு முற்றாக விழுந்தது. இன்னோர் இனத்தில் சில தப்பிவிட்டன. ஆகவே 10 லீற்றர் வாளிக்கு 250 கிராம் உப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள். கண்ணளவில் போடாமல் கடையில் நிறுத்தே வாங்குங்கள். தொட்டி நீரின் அதே குளிர்ச்சி வாளி நீரிலும் இருக்க வேண்டும். முதலில் இரண்டு மூன்று மீனை மட்டும் விட்டுப் பாருங்கள். மீன் சாய்ந்தால் நேரம் பார்க்காமல் உடனே நல்ல நீருக்கு மாற்றுங்கள். பிறந்து சில நாளேயான குஞ்சுகளையும் குட்டி போடும் தறுவாயிலுள்ள தாய்மீனையும் இதில் விட வேண்டாம். மூன்று நான்கு நாள் கழித்து இன்னொரு முறை செய்வது நல்லது.

தங்கமீனுக்கு இந்த அளவு அதிகம். லீற்றருக்கு 10 கிராம் போதும். உண்மையைச் சொன்னால், பூவிலுள்ள புழுவுக்கு உப்பு மட்டும் போதுமானதல்ல. புழு மருந்து தேவைப்படலாம். அதை அரச மிருக வைத்திய அலுவலகத்தில் அல்லது நக்டா என்று நாம் சொல்லும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் உத்தியோகத்தரிடம் கேட்டே போட வேண்டும். சிலர் போமலின் வாங்கி ஊற்றச் சொல்வார்கள். அது புற்றுநோயை உண்டாக்கக்கூடிய இரசாயனம். பிள்ளைகள் நடமாடும் லயத்து அறையில் வைக்கவே கூடாது.

இவ்வளவு பாடும் வராமலிருக்க, புதிதாக வாங்கிவரும் மீனை இரண்டு மூன்று வாரம் தனி வாளியில் வைத்துப் பார்த்த பின்பே தொட்டியில் விடுங்கள். அதற்குத் தனி வலை வேண்டும். வாங்கிய இடத்துப் பையிலுள்ள தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே வேண்டாம். செத்த மீனை அப்படியே விட்டால் அதிலுள்ள புழு நீர் மட்டத்தில் காத்திருந்து அடுத்த மீனுக்குத் தாவும். உடனே எடுத்துப் புதையுங்கள். தொட்டி காலியானால் வெயிலில் நன்றாகக் காயவிட்டு மீண்டும் நிரப்புங்கள்.

நோய் கண்ட தொட்டியின் நீரை ஓடையில் விடாதீர்கள். அது கீழே பதுளு ஓயாவிலுள்ள மீன்களையும் போய்ச் சேரும். அந்த நீரைத் தோட்டத்து மண்ணில் ஊற்றலாம், பயிருக்கும் நல்லது. உப்புக் குளியல் செய்த வாளி நீரை மாத்திரம் பாத்தியில் ஊற்ற வேண்டாம், போஞ்சியும் லீக்ஸும் கருகிவிடும்.