விசிட் விசாவில் வேலைக்கு விமானம் ஏறாதீர்கள்

துபாயில் வேலை என்று சொல்லித் திருச்சியில் விமானம் ஏற்றி அனுப்பப்பட்ட பிள்ளைகளின் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஊரில் தெரிந்த ஒருவர் மூலம் ஒரு ஏஜென்ட். லட்சத்துக்கு மேல் ரொக்கம், ரசீது கிடையாது. கையில் விசிட் விசா. "போய் இறங்கினதும் கம்பெனி விசா அடிச்சுக் கொடுத்துடும்" என்றொரு வாக்குறுதி. இறங்கிய பிறகு துபாயின் தேராவிலோ சத்வாவிலோ நெருக்கியடித்த அறையில் ஒரு அடுக்குக் கட்டில். விசா நாள் தீர்ந்துபோகிறது, ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. அதன்பிறகுதான் ஊரில் இருக்கும் தாய் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுவோடு வரிசையில் நிற்கிறார்.

மனு கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் அந்த மனுவோடு இணைக்க ஒரு துண்டுத் தாள்கூட அந்தத் தாயிடம் இருப்பதில்லை. பாஸ்போர்ட் நகல் இல்லை, விசா நகல் இல்லை, கம்பெனியின் பெயர் தெரியாது, ஏஜென்ட்டின் முழுப் பெயரும் தெரியாது. காணி நிலத்தை அடமானம் வைத்து அனுப்பியவர்கள், எங்கே அனுப்பினோம் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. திரும்பத் திரும்ப இதையே பார்த்துச் சலித்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். ஐக்கிய அரபு அமீரகத்தில் விசிட் விசாவில் வேலை செய்வது குற்றம். அனுமதி இல்லாத ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கும், வேலை தருவதாக வரவழைத்துவிட்டுக் கைவிடுபவருக்கும் 1 லட்சம் திர்ஹாம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் உண்டு. முதலாளிக்கு அபராதம் விழுவது இருக்கட்டும்; மாட்டிக்கொண்ட தொழிலாளியின் நிலை என்ன? விசா முடிந்து தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் அவர் தலையில் 50 திர்ஹாம் ஏறுகிறது. மாதத்துக்கு 1,500. ஹெல்ப்பர் வேலைக்குப் போகிற பலருக்கு மாதச் சம்பளமே அந்த அளவில்தான் இருக்கும். 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அமீரக அரசு பொது மன்னிப்பு கொடுத்தது. அபராதம் இல்லாமல் ஊர் திரும்பவோ, ஆவணத்தைச் சரிசெய்துகொள்ளவோ வாய்ப்பு இருந்தது. அடுத்த மன்னிப்பு வரும்வரை விசா இல்லாமல் கல்லிவல்லியாக ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தக் கணக்கு வேண்டாம்.

விசிட் விசாவில் போவதால் இங்கேயும் ஒரு பாதுகாப்பு போய்விடுகிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட், குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் இ.சி.ஆர். வகையில் வரும். அவர்கள் அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பி.ஓ.இ. ஆபீஸ் என்று சொல்கிறோமே, அதுதான். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னையில் இருக்கிறது. இந்த அனுமதியோடுதான் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் வருகிறது. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய். சுற்றுலா போவதாகச் சொல்லிப் போனவருக்கு இந்த அனுமதியும் இல்லை, காப்பீடும் இல்லை. சாரத்திலிருந்து விழுந்தால் அந்தக் குடும்பத்துக்கு இதிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது. 300 ரூபாய் சமாச்சாரத்தில் 10 லட்சம் போய்விடுகிறது.

"நான் பிளஸ் டூ படிச்சவன், எனக்கு இ.சி.ஆர். கிடையாது, அதனால் இதெல்லாம் எனக்கில்லை" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அனுமதிதான் உங்களுக்குத் தேவையில்லை. உங்களை அனுப்பும் ஏஜென்ட்டுக்குப் பதிவு கட்டாயம் தேவை. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்யாமல் ஆள் பிடித்து அனுப்புவது குற்றம். இமைகிரேட் என்ற அரசு இணையதளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது. பெயர், பதிவு எண், அந்தப் பதிவு இன்னும் நடப்பில் உள்ளதா என்று மூன்றையும் பாருங்கள். ஏஜென்சி போர்டில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், இணையதளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அதற்கு மேல் கேட்கிறவரிடம் எதற்கு என்று கேளுங்கள். விசா செலவு, கம்பெனி செலவு என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஆள் எடுப்பதற்கான செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும், அதைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று அமீரகத் தொழிலாளர் சட்டமே சொல்கிறது. கொடுக்கும் பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு உலகத்தில் எந்த அலுவலகமும் சாட்சி சொல்லாது.

இனி வேலைக் கடிதம். அமீரகத்தில் தனியார் வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனி, அந்நாட்டு மனிதவள அமைச்சகத்தின் படிவத்தில் வேலைக் கடிதம் தர வேண்டும். அந்தப் படிவம் அரபு, ஆங்கிலம் தவிர இன்னும் சில மொழிகளிலும் இருக்கிறது. அவற்றில் தமிழும் ஒன்று. இது நம்மில் பலருக்குத் தெரிவதே இல்லை. புரியாத அரபுத் தாளில் அவர்கள் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து "சொன்ன சம்பளம் வேறு, கொடுக்கும் சம்பளம் வேறு" என்று அழுவதில் பயனில்லை. தமிழில் கேளுங்கள். கம்பெனியின் விசா வேலைகளைப் பார்க்கும் மன்தூப் முகம் சுளித்தாலும் கேளுங்கள். கடிதத்தில் உள்ள எண்ணை வைத்து, அது உண்மையான கடிதம்தானா என்று அமைச்சகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஊரில் இருக்கும்போதே, விமானம் ஏறும் முன்பே இதைச் செய்துவிடலாம்.

கடிதம் கைக்கு வந்ததும் எல்லோரும் மொத்தச் சம்பளத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளம். மொத்தம் 1,600 திர்ஹாம் என்று போட்டு, அதில் அடிப்படை 800, மீதி படி என்று பிரித்திருப்பார்கள். வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு ஆண்டுக்கும் 30 நாள். ஐந்து ஆண்டு வேலை பார்த்தவருக்கு அடிப்படை 1,600 என்றால் 5,600 திர்ஹாம் வரும். 800 என்றால் 2,800தான். கையெழுத்துப் போடும் அந்த ஒரு நிமிடத்தில் பாதிப் பணம் போய்விடுகிறது. சட்டப்படி இது தவறும் இல்லை என்பதால் பிறகு எங்கே போய்க் கேட்டாலும் கிடைக்காது.

வேலைக்குச் சேர்ந்தபின் பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்வதை இன்னும் பலர் இயல்பென்று நினைக்கிறார்கள். 2022 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள தொழிலாளர் சட்டம் அதைத் தெளிவாகத் தடை செய்திருக்கிறது. சம்பளமும் வங்கி அல்லது பணப் பரிமாற்ற நிறுவனம் வழியாக, அரசு கண்காணிக்கும் முறையில் வர வேண்டும். சில இடங்களில் தொழிலாளிகளின் ஏ.டி.எம். கார்டுகளை அவர்கள் தங்கியிருக்கும் கேம்ப்பின் மேற்பார்வையாளரே வாங்கி வைத்துக்கொள்கிறார். கணக்கில் முழுச் சம்பளம் ஏறும், கைக்கு வருவது குறையும். புகார் கொடுக்கும் நாளில் வங்கிக் கணக்கு உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். அதனால் கார்டையும் ரகசிய எண்ணையும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

சம்பளம் வராவிட்டால் முதலாளியான அர்பாபிடம் மாதக்கணக்கில் கெஞ்சுவதோ, கோபத்தில் கேம்ப்பை விட்டு ஓடுவதோ தீர்வில்லை. ஓடுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும். தகவல் இல்லாமல் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வேலைக்கு வரவில்லை என்றால், கம்பெனி உங்கள்மேல் தலைமறைவுப் புகார் கொடுக்கலாம். அதற்கு முன் நீங்கள் புகார் கொடுங்கள். மனிதவள அமைச்சகத்தின் தொழிலாளர் புகார் எண் 80084. கைபேசிச் செயலியிலும் கொடுக்கலாம். 50,000 திர்ஹாமுக்கு உட்பட்ட கோரிக்கையாக இருந்தால், 2024 முதல் அமைச்சகத்துக்கே தீர்ப்புச் சொல்ல அதிகாரம் உண்டு. அதற்கு மேற்பட்ட கோரிக்கை சமரசமாகாவிட்டால் நீதிமன்றம் போகும். 1 லட்சம் திர்ஹாம் வரையிலான தொழிலாளர் வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. வேலை முடிந்து இரண்டு ஆண்டுக்குள் கோரிக்கையை எழுப்ப வேண்டும். ஃப்ரீ ஸோன் கம்பெனி என்றால் முதலில் அந்த ஃப்ரீ ஸோன் நிர்வாகத்திடம் போக வேண்டியிருக்கும். வீட்டு வேலைக்குத் தனிச் சட்டம்.

ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொல்லிவிடுகிறேன். விசா கேன்சல் செய்யும்போது நீட்டும் தாளில், "எனக்கு வர வேண்டிய பாக்கி எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று இருக்கும். டிக்கெட் கையில் கிடைத்த மகிழ்ச்சியில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்கு வந்து, "கணக்கில் போடுவதாகச் சொன்னார்கள்" என்கிறார்கள். பணம் கணக்கில் ஏறாமல் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் கணக்கில் ஏறாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வேலை முடிந்த 14 நாளுக்குள் பாக்கியைக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம்.

வேலை விஷயத்தைவிட்டு வேறு வகையில் மாட்டுகிறவர்களும் உண்டு. குருமாவுக்கு அரைக்க அம்மா கட்டிக்கொடுத்த கசகசா அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. பொடியில் கலந்து அரைத்திருந்தாலும் வேண்டாம். வெற்றிலை, பான், குட்கா எதுவும் கொண்டுபோகக் கூடாது. டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, ப்ரீகாபலின் போன்றவை அங்கே கட்டுப்பாட்டு மருந்துகள். மருத்துவர் சீட்டும் மருத்துவ அறிக்கையும் இணைத்து, அமீரக அரசின் இணையச் சேவையில் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டுதான் கொண்டுபோக வேண்டும். சாதாரண மாத்திரையையும் அட்டையைப் பிரிக்காமல் சீட்டோடு வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் மகனுக்கென்று கொடுக்கும் பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். மரியாதைக்குறைவு என்று நினைத்து வாங்கிக்கொண்டவர்கள் விமான நிலையத்திலேயே கைதானதுண்டு.

கைபேசியிலும் கவனம் வேண்டும். ஒருவரை அவர் அனுமதி இல்லாமல் படம் எடுப்பதும், வாட்ஸ்அப்பில் திட்டுவதும் அங்கே சிறையும் பெரிய அபராதமும் வரக்கூடிய குற்றங்கள். கேம்ப்பில் யாராவது இறந்துவிட்டால் குழுவில் செய்தி போட்டுப் பணம் திரட்டுவது நம்மவர்களின் நல்ல பழக்கம். ஆனால் உரிமம் இல்லாமல் இணையத்தில் நன்கொடை கேட்பதும் அமீரகத்தில் குற்றம். அந்த நேரத்தில் இந்தியத் தூதரகத்தை அழையுங்கள். இப்படிப்பட்ட தேவைகளுக்காகவே 2009இல் இந்தியச் சமூக நல நிதி ஏற்படுத்தப்பட்டது.

இனி ஊர்ப் பக்கம். ஏஜென்ட்டிடம் ஏமாந்தவர்கள் இங்கே காவல் நிலையத்துக்குப் போனால், "கொடுக்கல் வாங்கல் பிரச்சினை, பேசித் தீர்த்துக்கோங்க" என்று அனுப்பிவிடும் கொடுமை இன்னும் நடக்கிறது. பதிவு இல்லாத ஏஜென்ட் வாங்கிய பணம் கொடுக்கல் வாங்கல் கிடையாது, மோசடி. காவல் அதிகாரிகளுக்கு இது தெரியாமல் இல்லை. புகாரை எழுத்தில் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போங்கள். ஒரு நகலைச் சென்னை பி.ஓ.இ. ஆபீசுக்கும் அனுப்புங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' என்ற இணையதளத்தில் புகாரைப் பதிந்து, அந்த எண்ணைக் குறித்து வையுங்கள்.

இப்போது யாராவது கிளம்பும் வீட்டில் இதைப் படிக்கிறீர்கள் என்றால், இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். பாஸ்போர்ட், விசா, வேலைக் கடிதம், பணம் அனுப்பிய வங்கிச் சீட்டு, ஏஜென்ட்டின் பதிவு எண், கம்பெனி முகவரி எல்லாவற்றையும் நகல் எடுத்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். துபாயில் இந்தியர்களுக்கான உதவி மையத்தின் கட்டணமில்லா எண் 800 46342. தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையை இந்தியாவிலிருந்து 1800 309 3793 என்ற எண்ணில் அழைக்கலாம். இந்த இரண்டு எண்களையும் அந்த நகல்களின் மேலேயே எழுதிவையுங்கள்.